சமநிலைச் சுமை, எண் மூன்று

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் முதுகு அவருக்குச் சொந்தமா, அரசாங்கத்துக்குச் சொந்தமா என்று விதிக்கோவையில் எங்கும் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் மேல்கந்தைத் தோட்டத்தில் நடந்த பல காரியங்கள் நடந்திருக்காது. சாரதி இந்திரகுமாரும் ஒழுங்காக வண்டியை ஓட்டி, ஒழுங்காக ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

கித்துல்கலையில் பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து ஒன்பது கிலோமீட்டர் ஏறினால் மேல்கந்தை. இரண்டு பக்கமும் றப்பர் மரங்கள், உச்சியில் பழைய துரை பங்களா. அந்தப் பங்களாவில்தான் தோட்டப் பாதை மேம்பாட்டுப் பிராந்தியச் செயலகம் இயங்கிவந்தது. பாதையை மேம்படுத்துகிறவர்கள் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு அதை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

அந்த ஒன்பது கிலோமீட்டருக்கும் கொங்கிரீட் போட்டு நாலு வருஷமாகிறது. திறப்பு விழாக் கல் நட்டிருக்கிறது. ரிப்பன் வெட்டிய படம் ஒபிஸ் சுவரில் தொங்குகிறது. வேலை முடிந்ததற்கான சான்றிதழ் அலுமாரியில், கோவைக்குள் பத்திரமாக இருக்கிறது. கொங்கிரீட் மட்டும்தான் இல்லை.

இந்திரகுமாருக்கு இது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அவரிடம் பழைய டபள் கெப் வண்டி ஒன்று இருந்தது. குண்டு குழி எல்லாவற்றையும் அது எருமைமாடு மாதிரி நிதானமாக இறங்கி ஏறிக் கடந்துவிடும். ஆபத்து அவசரத்துக்கு யாராவது கை காட்டினால் பின்னால் ஏற்றிக்கொள்வார். யாரும் எழுதிக் கேட்கவில்லை; அவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிறகுதான் தனுஷன் சேர் பணிப்பாளராக வந்தார். வயது முப்பத்தாறு. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சாரதியை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கேகாலையில் நடந்த முதல் கூட்டத்துக்குப் போனபோது ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டார். மற்றப் பணிப்பாளர்கள் எல்லாரும் தரையோடு தரையாகப் பதுங்கிய கார்களில் வந்தார்கள். இவர் டபள் கெப்பிலிருந்து கீழே குதிக்க வேண்டியிருந்தது. அவர்களோ கதவைத் திறந்து மெல்ல மேலே எழும்பி வந்தார்கள். அந்த வருஷம் நிர்வாகத்தில் எழும்பி வருவதுதான் நாகரிகமாக இருந்தது.

மூன்று மாதம் கடிதம் எழுதி, டபள் கெப்பைத் திருப்பிக் கொடுத்து, எங்கோ ஒதுக்கீட்டுக்காகக் காத்துக் கிடந்த ஒரு சிவப்புக் காரை வாங்கிக்கொண்டார். பத்தொன்பது அங்குல ரிம். டயர் என்ற பெயரில் அதைச் சுற்றி ஒரு கறுப்பு ரிப்பன். அடியில் ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன். வளைவில் எவ்வளவு வேகமாகப் போனாலும் கார் சாயாது என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. மேல்கந்தைப் பாதையில் எந்த வளைவிலும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது என்பது அந்தப் புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது.

முதல் நாள் ஏறி வந்தபோதே விஷயம் விளங்கிவிட்டது. ஒரு றப்பர் விதைமேல் சக்கரம் ஏறினால், அது எந்தப் பக்கமாக விழுந்து கிடந்தது என்று முதுகெலும்பு சொன்னது.

“குமார் அண்ணே, கார்ல ஏதோ பிழை இருக்கு,” என்றார் பணிப்பாளர் பங்களா வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

“கார்ல பிழை இல்லீங்க சேர். ரோடு...”

“எந்த ரோடு?”

“இந்த ரோடுங்க.”

“இந்த ரோடுதான் எப்பவோ முடிஞ்சுதே அண்ணே.”

“ஆமாங்க சேர். முடிஞ்சுதான் போச்சுங்க.”

பணிப்பாளர் இடுப்பைப் பிடித்தபடியே உள்ளே போனார். ரோடு சரியில்லை என்று அவர் ஒரு வரி எழுதினால், முடிந்த வேலை முடியவில்லை என்றாகிவிடும். சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் இப்போது அமைச்சில் அவருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே குலுக்கல் காரில்தான் இருந்தாக வேண்டும்.

இந்திரகுமாருக்கும் காரைப் பற்றி ஒரு கவலை வந்தது. அது அவருடைய முதுகைப் பற்றியது அல்ல. அவருடைய மகள் கோகிலா ஐந்து மாதக் கர்ப்பம். புதன்கிழமைகளில் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக். போன தரம் பிள்ளை உண்டாகியிருந்தபோது, டபள் கெப் கொழும்புக்குப் போயிருந்த நாளில் அவளுக்கு வலி வந்தது. ஏறி வந்த திரீவீலர் பாதி வழியில் அச்சு முறிந்து நின்றது. நாலு கிலோமீட்டர் நடந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

இப்போது டபள் கெப்பே இல்லை. சிவப்புக் காரில் வெளி ஆட்களை ஏற்றக் கூடாது என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் தலைமை எழுதுநர் அப்ஹம். அப்படியே ஏற்றினாலும், இந்தக் காரில் பிள்ளைத்தாய்ச்சியை உட்கார வைக்கக் கூடாது என்று இந்திரகுமாருக்குத் தெரியும். காரை எப்படியாவது மெத்தென்று ஆக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சாரதியும் பணிப்பாளரும் ஒரே எண்ணத்தில் இருந்தார்கள். காரணங்கள்தான் வேறு.

அடுத்த கூட்டத்தின்போது, பணிப்பாளரைக் கேகாலையில் இறக்கிவிட்டு, இந்திரகுமார் மாவனல்லைக்கு ஓட்டிக்கொண்டு போய் மஷூர் நானாவின் கராஜில் நிறுத்தினார். மஷூர் நானா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பின்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அது அமுங்கவில்லை.

“இந்தக் காரக் கெடுத்தது ரோடு இல்ல தம்பி. நல்லா ஓடின காரை எறக்கி, ஸ்பிரிங்கக் கல்லாக்கி, டயரப் பப்படமாக்கி, அதுக்கு ஸ்போர்ட்ஸ்னு பேர் வெச்சீக்காங்க.”

“மெத்துனு ஆக்க வழி இருக்குங்களா நானா?”

“ஏன் இல்ல? பதினாறு அங்குல ரிம் போடுங்க, டயர் நல்லா மொத்தமா வரும், பாதிக் குலுக்கல் அதுலயே போயிரும். ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சாதா மாடல்ட எடுத்துப் போட்டா மிச்சமும் போகும். டயர்ல காத்து கூட அடிச்சீக்கி. கதவுல போட்டீக்கிற அளவுக்கு எறக்குங்க, அதுக்குக் கீழ போயிராதீங்க.” கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “ஒன்னுமே செய்ய ஏலாட்டி, பின்னால மூனு பேர ஏத்திட்டு ஓட்டிப் பாருங்க. பாரம் ஏறினா ஸ்பிரிங் கொஞ்சம் படியும். வெறும் கார்தான் இந்தத் துள்ளுத் துள்ளும்.”

இந்திரகுமார் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து பணிப்பாளரிடம் கொடுத்தார். பணிப்பாளர் அதை அப்ஹமுக்கு அனுப்பினார். அப்ஹம் ஒரு கிழமை எடுத்துக்கொண்டு, பதில் அனுப்பினார்.

ரிம் மாற்ற முடியாது. சொத்துப் பதிவேட்டில் ரிம் பத்தொன்பது அங்குலம் என்று இருக்கிறது. பதினாறு போட்டால் சக்கரத்துக்கு மூன்று அங்குலம் வீதம், நாலு சக்கரத்துக்கும் மொத்தம் பன்னிரண்டு அங்குல அரச சொத்து காணாமல் போகும். அதற்கு யார் பொறுப்பு?

ஸ்பிரிங் மாற்றலாம். ஆனால் ஏன் மாற்றினோம் என்று காரணம் எழுத வேண்டும். பாதை சரியில்லை என்று எழுத முடியாது, பாதை முடிந்துவிட்டது. ஸ்பிரிங் சரியில்லை என்றும் எழுத முடியாது, அது புத்தம்புதிது. பணிப்பாளரின் முதுகு சரியில்லை என்று எழுதலாம். அப்படி எழுதினால் ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பணிப்பாளரை மாற்றிவிடுவார்கள்.

மிச்சமிருந்தது காற்று. டயரில் உள்ள காற்று அரசாங்கச் செலவில் அடிக்கப்பட்டது என்பதால் அதுவும் அரச சொத்துதான். சாரதி தன்னிச்சையாக அதைத் திறந்துவிட முடியாது. மூன்று பேர் கொண்ட காற்று அகற்றல் சபை ஒன்று நியமிக்கப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை சபையினர் டை கட்டிக்கொண்டு காரைச் சுற்றி நின்றார்கள். இந்திரகுமார் வால்வை அமுக்கினார். ‘ஸ்ஸ்’ என்றது. தலைவர் மணி பார்த்தார். உறுப்பினர் ஒருவர் எழுதினார். மற்றவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அகற்றப்பட்ட காற்று எங்கே வைக்கப்பட்டது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ‘வளாகத்தில்’ என்று எழுதினார்கள்.

பணிப்பாளருக்கு முதுகில் நாலில் ஒரு பங்கு வலி குறைந்தது. இந்திரகுமாருக்குக் கவலை குறையவில்லை. கோகிலாவுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது.

“இனி பாரம் ஏத்துறதுதாங்க சேர் ஒரே வழி,” என்றார்.

பணிப்பாளர் அறையில் மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மணல் மூட்டை வைக்கலாம் என்றார் பணிப்பாளர். மணல் என்றால் வேறொரு திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்றார் அப்ஹம். அப்படியானால் கல்? கல்லைப் பாதையிலிருந்துதான் பொறுக்க வேண்டும். கொங்கிரீட் போட்டு முடித்த பாதையில் கல் இருக்க முடியாது. இல்லாத கல்லைக் காரில் ஏற்றியதாக எப்படி எழுதுவது?

“மனுஷங்க இருக்காங்களேங்க,” என்றார் இந்திரகுமார்.

“வெளி ஆட்களை ஏத்த ஏலாது,” என்றார் அப்ஹம். “நானே எழுதி ஒட்டியிருக்கேன்.”

“ஆளா ஏத்த வேணாங்க. பாரமா ஏத்துவோம்.”

அப்ஹம் எழுந்து அலுமாரியைத் திறந்தார். விதிக்கோவையை எடுத்து நெடுநேரம் புரட்டினார். அவர் நேர்மையான மனிதர். இல்லாத விதியை இருப்பதாகச் சொல்லமாட்டார். வாகனத்தில் ஏற்றப்படும் பாரம் மூச்சு விடக் கூடாது என்று எந்த இடத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அப்படித்தான் ‘சமநிலைச் சுமை’ என்ற வகை உண்டானது. அதற்கு ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. றப்பர் பால் நிறுக்கிற தராசில் ஒவ்வொரு சுமையையும் நிறுத்து, எண் கொடுத்தார்கள். எண் ஒன்று தங்கம்மா, எழுபத்தொரு கிலோ, மாதம் இரண்டு தரம் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போகிறவர். எண் இரண்டு அழகமுத்து, அறுபத்தாறு கிலோ, கண்ணில் பூ விழுந்தவர். எண் மூன்று கோகிலா, ஐம்பத்தெட்டு கிலோ. காலையில் ஏற்றப்படும் சுமை கித்துல்கலைச் சந்தியில் இறக்கப்படும்; அதற்கப்பால் ரோடு நல்ல ரோடு, சுமை தேவையில்லை. மாலையில் அதே சந்தியில் மறுபடியும் ஏற்றப்படும். இடைப்பட்ட நேரத்தில் சுமை ஆஸ்பத்திரிக்குப் போகிறதா, கடைக்குப் போகிறதா என்பது செயலகத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

முதல் புதன்கிழமை இந்திரகுமார் காரை மெல்ல நகர்த்தினார். முதலாவது பள்ளத்தில் கார் இறங்கியது. துள்ளவில்லை. மெல்ல அமுங்கி, மெல்ல எழும்பியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கோகிலா வயிற்றில் கை வைத்தபடி வெளியே றப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் பணிப்பாளர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

“அருமை அண்ணே,” என்றார். “எண் மூன்று ரொம்பப் பொருத்தம். அதை மாத்த வேணாம்.”

கிழமைக்குக் கிழமை எண் மூன்றின் எடை கூடியது. பதிவேட்டில் வேறெந்தச் சொத்தும் இப்படித் தானாகக் கூடியதில்லை. அப்ஹம் காலாண்டு அறிக்கையில் அதை ஒரு சாதனையாகக் காட்டினார்.

வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. அன்றைக்குக் கூட்டம் இல்லை; கூட்டம் புதன்கிழமைகளில்தான். கூட்டம் இல்லாத நாளில் கார் கீழே போக முடியாது. இந்திரகுமார் பணிப்பாளரின் அறைக்குள் போய் நின்றார்.

“சேர்,” என்றார். “எண் மூன்று...”

பணிப்பாளர் அவருடைய முகத்தைப் பார்த்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். “எனக்குக் கேகாலையில கூட்டம் இருக்கு அண்ணே.”

“என்ன கூட்டமுங்க சேர்?”

“போற வழியில யோசிப்போம்.”

அன்றைக்குத் தங்கம்மாவும் அழகமுத்துவும் மருந்தெடுக்கிற முறை இல்லாவிட்டாலும் ஓடி வந்து ஏறிக்கொண்டார்கள். கார் துள்ளாமல் இருக்க வேண்டுமே. தங்கம்மா கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம் எடுத்தது. எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏற வேண்டும் என்று இந்திரகுமார் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பணிப்பாளர் தலையை வெளியே நீட்டி, “இடப்பக்கம் பள்ளம் அண்ணே, வலப்பக்கம் எடுங்க,” என்று வழி காட்டினார். பதவியேற்ற நாளிலிருந்து அந்தப் பாதையில் பள்ளம் இருப்பதாக அவர் சொன்னது அது ஒரு தரம்தான்.

பெண் பிள்ளை. இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

அடுத்த மாதம் நிறுவையின்போது எண் மூன்றில் ஒன்பது கிலோ குறைந்திருந்தது. அப்ஹம் விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பினார். ‘தங்கள் பொறுப்பில் இருந்த சுமை எண் மூன்றில் ஏற்பட்ட இழப்புக்கான காரணத்தைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் சமர்ப்பிக்கவும்.’ இந்திரகுமார் பதில் எழுதினார்: ‘இழப்பு எதுவும் இல்லை. குறைந்ததில் ஒரு பகுதி தனியாக வீட்டில் இருக்கிறது. பால் குடிக்கிறது.’

இதற்குள் பதிவேட்டில் நாற்பத்து மூன்று சுமைகள் சேர்ந்துவிட்டன. ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்கள் மடியில் அரிசிப் பை வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று விதி வந்தது. லயத்து வீடுகளில் யாராவது மெலிந்தால் அக்கம்பக்கத்தார் கவலைப்பட்டு விசாரித்தார்கள். ‘எங்க வீட்டுக்காரர் எண் பதினேழு’ என்று பெருமையாகச் சொல்கிற நிலைமையும் வந்தது.

காலாண்டு அறிக்கை ஒரு நாள் கொழும்பில் யாரோ உண்மையிலேயே வாசித்துவிட்டார். அந்த யாரோ ஒரு பொறியியலாளர். பெயர் பர்ஸானா. கொங்கிரீட் பாதையில் ஓடும் காருக்கு எதற்காகச் சுமை என்று அவருக்கு விளங்கவில்லை. எழுதிக் கேட்காமல் ஜீப்பில் ஏறி நேரே வந்துவிட்டார். பங்களா வாசலில் இறங்கும்போது அவருடைய கண்ணாடி மூக்கில் இல்லை, கையில் இருந்தது.

“இதுதான் அந்த ரோடா?” என்று கேட்டார்.

“கோவையின்படி,” என்றார் பணிப்பாளர்.

பர்ஸானா சத்தம் போடவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. மெஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆறு கிழமையில் முழுப் பாதைக்கும் உண்மையான கொங்கிரீட் போட்டுத் தரலாம் என்றார். ஒன்றே ஒன்று வேண்டும். முடிந்ததென்று மூடிய கோவையைத் திறக்க, பாதை பழுது என்று குடியிருப்பாளர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உத்தியோகத்தர் யாரும் போடத் தேவையில்லை. பணிப்பாளர் அதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்றைக்கே, காலையில் ஆட்களுக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். பர்ஸானா தாளைக் காட்டினார். ‘பாதை பழுது’ என்று ஒரு பக்கம், ‘பாதை நன்று’ என்று மறு பக்கம். இந்திரகுமாருக்குச் சந்தோஷமாக இருந்தது. பழுது என்ற பக்கத்தில் முதல் கையெழுத்துத் தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார்.

தங்கம்மா கையைத் தூக்கினார். “மேடம், ரோடு நல்லா வந்துட்டா கார் துள்ளாதுங்களா?”

“துள்ளாது.”

“அப்ப பாரம் தேவைப்படாதுங்களே.”

பர்ஸானா அப்ஹமைப் பார்த்தார். அப்ஹம் நேர்மையாகச் சொன்னார்: “தேவை இல்லாமப் போனா பதிவேட்ட மூடத்தான் வேணும். வெளி ஆட்களை ஏத்த ஏலாது.”

“பஸ் வருமாங்க?” என்று அழகமுத்து கேட்டார்.

“அது வேற அமைச்சு. எழுதிக் கேக்கலாம்.”

“ஆம்புலன்ஸ்?”

“அது இன்னொரு அமைச்சு.”

“எழுதிக் கேட்டா எத்தன நாள் ஆகுமுங்க மேடம்?”

பர்ஸானா பொய் சொல்லப் பழகாதவர். “தெரியாது,” என்றார்.

தங்கம்மா முதலில் வந்து ‘பாதை நன்று’ என்ற பக்கத்தில் கைநாட்டு வைத்தார். பிறகு அழகமுத்து. பிறகு எண் பதினேழு. வரிசை நகர்ந்தது. பர்ஸானா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் கோகிலா வந்தாள், தோளில் பிள்ளை. தாளை எடுத்து இரண்டு பக்கத்தையும் வாசித்தாள்.

“அப்பா,” என்றாள். “போன தரம் நான் நடந்தது இந்த ரோட்டுலதானே?”

இந்திரகுமார் தன் கையிலிருந்த பேனாவை அவளிடம் கொடுத்தார்.

“புதன்கிழம இவளுக்கு ஊசி,” என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். எந்தப் பக்கம் என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் நிறைந்திருந்தது, மற்றது வெறுமையாக இருந்தது. நிறைந்திருந்த பக்கத்தில் போட்டார்.

பர்ஸானா ஜீப்பில் ஏறி, தலை கூரையில் இரண்டு தரம் முட்ட, கீழே போனார். மாத முடிவில் அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்பாளர்கள் நூற்றுக்கு நூறு வீதம் திருப்தி தெரிவித்த ஒரே பாதை என்ற வகையில் மேல்கந்தைப் பாதை மாதிரிப் பாதையாக அறிவிக்கப்படுகிறது. மற்றத் தோட்டங்களின் பாதைகளும் இதே தரத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும்.

புதன்கிழமை காலை கோகிலா பிள்ளையோடு பின் சீட்டில் ஏறினாள். பிள்ளைக்கும் எண் கொடுத்திருந்தார்கள்: நாற்பத்து நாலு, நாலு கிலோ நூறு கிராம். இரவெல்லாம் பெய்த மழையில் மூன்றாவது வளைவு பெரிதாக அரித்துப் போயிருந்தது. எவ்வளவு மெதுவாக எடுத்தும் முன் சக்கரம் ‘டங்’ என்று விழுந்தது. பிள்ளை விழித்துக்கொண்டு வீரிட்டது.

பணிப்பாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “என்ன அண்ணே, பள்ளமா?”

“இல்லீங்க சேர்,” என்றார் இந்திரகுமார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “பள்ளமே இல்லைன்னு நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டோமுங்க.”